ஒரகடத்துப் பேரனுக்கு

கர்த்தருக்குள் பிரியமான பேரனுக்கு, நாங்குநேரியிலிருந்து தாத்தா எழுதுவது.

ஷிப்ட் மாறி மாறி வருவதால் ஞாயிறு ஆராதனை தவறிப்போகிறதென்றும், அறையில் ஆள் மாற்றி ஆள் உறங்குவதால் முழங்காலிடவும் இடமில்லையென்றும், நிரந்தரப் பணிக்காக நீ செய்த ஜெபங்களுக்குப் பதிலே இல்லையென்றும் உன் ஆச்சியிடம் சொல்லி வருந்தினாயாம். போனில் பேசினால் அவள் குறுக்கே வருவாள், ஆகையால் எழுதுகிறேன்.

இடமில்லை என்ற குறையை முதலில் தள்ளிவிடுவோம். எருசலேமில் ஆலயம் கட்டிய சாலொமோனே, அதைப் பிரதிஷ்டை பண்ணின நாளில், கடவுள் அக்கட்டடத்துக்குள் அடங்குபவரல்லர் என்று அறிக்கையிட்டான்; யோனாவோ மீனின் வயிற்றுக்குள்ளிருந்து ஜெபித்தான். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையிலுள்ள தொழிற்சாலை அதைவிட மோசமான இடமாயிராது.

நீ ஊன்றிப் படிக்கவேண்டியது நெகேமியாவின் சரித்திரம். கி.மு. 445-ஐ ஒட்டிய காலத்தில் சூசான் அரமனையில் அர்தசஷ்டா ராஜாவுக்குப் பானபாத்திரக்காரனாயிருந்த அவன், எருசலேமின் அலங்கம் இடிந்துகிடக்கும் செய்தியைக் கேட்டது முதல் உபவாசித்து மன்றாடி வந்தான். பின்பு ஒருநாள், திராட்சரசம் பரிமாறிய வேளையில் அவன் முகவாட்டத்தைக் கண்ட ராஜா, வேண்டியது என்னவென்று வினவ, துக்கமுகம் காட்டியதற்காகவே நடுங்கிக்கொண்டிருந்த அவன், அவ்வினாவுக்கும் தன் விடைக்கும் இடைப்பட்ட ஒரு மூச்சு நேரத்தில் பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபித்துவிட்டுத்தான் வாய் திறந்தான். என்ன ஜெபித்தான் என்று வேதம் எழுதிவைக்கவில்லை. எழுதுமளவுக்கு அது நீண்டிருக்க நியாயமுமில்லை. ஆனால் பிரசங்கிமார் சிலர் இந்த ஒற்றை மூச்சை மட்டும் சிலாகித்துவிட்டு, அதற்கு முன்னே கிஸ்லேவு முதல் நிசான் வரை சென்ற மாதங்களின் கண்ணீரை விட்டுவிடுவது எனக்குச் சம்மதமில்லை.

காதில் இயர் பிளக் செருகியதும் பிரஸ் ஷாப்பின் இரைச்சல் அடங்கி உன் சுவாசமே உனக்குக் கேட்குமென்று சொன்னாயே. ஒரு தகடு இறங்கி மறு தகடு ஏறும் அந்த அவகாசம் போதும். கை இயந்திரத்தருகே இருக்கையில் மட்டும் வேண்டாம். அப்போது கவனம் வேலையிலிருப்பதே பக்தி. நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் திரும்புகையில் போனை நோண்டாமல் 139-ஆம் சங்கீதத்தை நிதானமாக வாசி. சிறு ஜெபத்துக்கு அதுவே முதல்.

பதில் வரவில்லை என்கிறாய். நம் டோனாவூரில் பிள்ளைகளைக் காத்து வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், சிறுமியாயிருக்கையில் நீலக் கண் கேட்டு ஜெபித்த கதையை ஓய்வுநாள் பள்ளியில் கேட்டிருப்பாய். அது சுபமாக முடிகிற கதை. நான் நினைவூட்டுவது வேறு. 1931-இல் தவறி விழுந்த அவர், 1951-இல் மரிக்குமட்டும் பெரும்பாலும் படுக்கையிலேயே கிடந்தார். கேட்ட சுகம் வரவில்லை. மூன்று தரம் மன்றாடியும் பவுலின் முள் நீங்காமல், அதைத் தாங்கும் கிருபை மாத்திரமே அவருக்கு அருளப்பட்டது. இதற்குக் காரணம் விளக்கப் புறப்பட்டால் நான் பொய்யனாவேன். அந்த அறையிலிருந்தபடியே அம்மையார் நூல்மேல் நூலாக எழுதினார் என்பதை மட்டும் அறிவேன்.

இன்னொன்று. நெகேமியா ஜெபித்ததோடு நின்றுவிடவில்லை. திரும்பிவர எத்தனை நாளாகும் என்று ராஜா கேட்டபோது காலத்தைக் குறித்துச் சொன்னான். நதிக்கு அப்புறத்து அதிபதிகளுக்கு ஒரு கடிதம், மரத்துக்காக வனக்காவலன் ஆசாபுக்கு ஒரு கடிதம் என்று விவரமாய்க் கேட்டு வாங்கினான். நீயும் சூப்பர்வைசர் முன் தலையைச் சொறிந்துகொண்டு நில்லாமல், இன்ன ஞாயிற்றுக்கிழமைக் காலை ஷிப்டை அறைத்தோழனோடு மாற்றிக்கொள்வதாகத் தேதியிட்டு எழுதிக் கொடு. கிருத்திகையன்று அவன் வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போகவேண்டுமென்பான். அன்றைக்கு அவன் ஷிப்டில் நீ நில்.

அன்புடன்,
தாத்தா