நிக்ஸி ட்யூப் தகராறு செய்தால்...

எண்களைக் காட்ட இன்று எல்.இ.டி., எல்.சி.டி. என்று எத்தனையோ வந்துவிட்டன. அவற்றுக்கெல்லாம் முன்னால், 1955-ல், அமெரிக்காவின் பரோஸ் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது நிக்ஸி ட்யூப். பழைய ஃப்ரீக்வென்சி கவுன்ட்டர், டிஜிட்டல் வோல்ட்மீட்டர் இவற்றின் முகத்தில் ஆரஞ்சு நிறத்தில் எரியும் எண்கள் இவைதான். இதைப் பெரிய அளவில் தயாரித்த ஆலைகள் நிறுத்திப் பல வருடங்கள் ஆகின்றன. ஆகவே ஒரு ட்யூபை "போயிடுச்சுப்பா" என்று சொல்லித் தூக்கி எறியும் முன் நன்றாக யோசிக்க வேண்டும். சரியாக எரியாத ட்யூப் எல்லாம் கெட்டுப்போன ட்யூப் அல்ல.

உள்ளே என்ன இருக்கிறது? கண்ணாடிக் குடுவைக்குள் குறைந்த அழுத்தத்தில் நியான் வாயு. முன்னால் வலை போன்ற ஆனோடு. அதற்குப் பின்னால் 0 முதல் 9 வரை எண் வடிவில் வெட்டிய பத்து கேத்தோடுகள், ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியிருக்கும். சோவியத் நாட்டின் ஐஎன்-12, ஐஎன்-14 ட்யூப்களில் 5 என்பது தலைகீழாகத் திருப்பிய 2-தான். தனியாக அச்சு செய்வானேன் என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது! சூடேற்றும் இழை கிடையாது, அதனால்தான் கோல்ட் கேத்தோடு என்று பெயர். எந்தக் கேத்தோடை கிரவுண்டோடு இணைக்கிறோமோ அதைச் சுற்றி வாயு ஒளிரும். பற்றிக்கொள்ள சுமார் 170 வோல்ட் வேண்டும். பற்றிய பிறகு ட்யூபின் குறுக்கே சுமார் 140 வோல்ட்தான் நிற்கும். மீதி முழுவதையும் ஆனோடு மின்தடை தாங்கிக்கொள்கிறது.

இந்த "மீதி"யில்தான் விஷயமே இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். சப்ளை 180 வோல்ட், ட்யூபில் 140, மின்தடை 20 கிலோ ஓம். மின்னோட்டம் 2 மில்லி ஆம்பியர். இப்போது சப்ளை 160-க்கு இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மின்தடையின் குறுக்கே மிஞ்சுவது 20 வோல்ட்தான். மின்னோட்டம் 1 மில்லி ஆம்பியர். வோல்டேஜ் குறைந்தது ஒன்பதில் ஒரு பங்கு, மின்னோட்டமோ சரிபாதி! குளோ டிஸ்சார்ஜில் கேத்தோடின் எவ்வளவு பரப்பு ஒளிர்கிறது என்பது மின்னோட்டத்தைப் பொறுத்தது. மின்னோட்டம் பாதியானால் எண்ணை முழுவதும் மூட ஒளி போதாது. 1 ஒல்லியானது, அது முழுசாக எரிந்துவிடும். 8-க்கு வயிறு பெரிது, அது அரைகுறையாக நிற்கும். பார்ப்பவர் "8 போச்சு, ட்யூப் அவுட்" என்று எழுதிவிடுவார். பாவம் அந்த ட்யூப்!

அரைகுறை எண்ணுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதற்குக் கேத்தோடு பாய்சனிங் என்று பெயர். எரிகிற கேத்தோடிலிருந்து உலோக அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தெறித்து, எரியாமல் சும்மா இருக்கும் பக்கத்து எண்கள் மேல் படிகின்றன. படிந்த இடம் சரியாக ஒளிராது. 12 மணி நேரக் கடிகாரத்தின் முதல் ட்யூபை நினைத்துப் பாருங்கள். வருடக்கணக்கில் 0, 1 தவிர வேறெதுவும் அதில் எரிந்திருக்காது.

இரண்டையும் எப்படிப் பிரித்து அறிவது? எல்லா ட்யூப்களிலும் பெரிய எண்கள் எல்லாம் அரைகுறை என்றால் சப்ளையைப் பாருங்கள். ஒரே ட்யூபில் பெரிய எண்கள் எல்லாம் அரைகுறை என்றால் அதன் ஆனோடு மின்தடையைக் கழற்றி அளந்து பாருங்கள். பழைய கார்பன் மின்தடைகளின் மதிப்பு வயதாக ஆக ஏறிவிடும். ஒரே ட்யூபில், அதிகம் எரியாத ஓர் எண்ணில் மட்டும், எப்போதும் அதே இடத்தில் இருட்டு என்றால் அது பாய்சனிங். சந்தேகமாக இருந்தால் பக்கத்து ட்யூபோடு இடம் மாற்றிப் போடுங்கள். குறை ட்யூபோடு போகிறதா, சாக்கெட்டிலேயே நிற்கிறதா என்று பார்த்தால் பாதி வழக்கு முடிந்தது.

எங்கள் லேபில் கண்டம் லிஸ்டில் ஏறியிருந்த ஆறு ட்யூப் கவுன்ட்டர் ஒன்றை, எச்.ஓ.டி. அனுமதியோடு நானும் இரண்டு நண்பர்களும் பிரித்தோம். அதன் தகராறு விசித்திரமானது. மூடி போட்டு ஆன் செய்தால் இரண்டு ட்யூப்கள் பல விநாடிகள் இருண்டே கிடக்கும், பிறகு திடீரென்று பற்றும், சில நேரம் பற்றாது. சரி என்று மூடியையும் முன்னாலிருக்கும் சிவப்புப் பிளாஸ்டிக் தகட்டையும் கழற்றினால் எல்லாம் உடனே எரிகின்றன! மறுபடி மூடினால் மறுபடி இருட்டு. "டாக்டரைக் கண்டா காய்ச்சல் ஓடிப்போற மாதிரி இருக்கேடா" என்றான் நண்பன்.

லூஸ் கான்டாக்ட் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். சாக்கெட்டை அசைத்தோம், தட்டினோம், மாற்றமில்லை. ஆனால் அறை விளக்கை அணைத்துப் பார்த்தபோது மூடி இல்லாமலேயே அதே குறை வந்தது. டார்ச் அடித்தோம், பளிச்சென்று பற்றியது. காரணம் இதுதான்: வாயு பற்றிக்கொள்ள முதலில் ஒன்றிரண்டு எலக்ட்ரான்களாவது தேவை. வெளிச்சம் கேத்தோடில் பட்டு அவற்றை விடுவிக்கிறது. இருட்டில் அந்த உதவி இல்லை. தற்செயலாக ஒன்று கிளம்பும்வரை ட்யூப் காத்திருக்கும். சிவப்புத் தகடோ ஆற்றல் மிகுந்த நீல ஒளியைத் தடுத்துவிடுகிறது. (இதற்காகவே சில நியான் இண்டிகேட்டர் விளக்குகளில் மிகச் சிறிதளவு கதிரியக்க கிரிப்டான்-85 சேர்த்தார்கள்.) வோல்டேஜ் தாராளமாக இருந்தால் இந்தத் தாமதம் கண்ணுக்கே தெரியாது. விளிம்பில் இருந்தால்தான் தெரியும். அளந்தோம். சர்க்யூட் படத்தில் 180 வோல்ட், எங்கள் மீட்டரில் 158. ஃபில்டர் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் காய்ந்துபோயிருந்தது. அதை மாற்றியதும் 176 வந்தது. இருட்டிலும், மூடிக்குள்ளும் ஆறும் ஒன்றாக எரிந்தன. ஒரு ட்யூபைக்கூட மாற்றவில்லை.

ஒரு எச்சரிக்கை. இது 5 வோல்ட் சர்க்யூட் அல்ல. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தக் கெபாசிட்டர் கடிக்கும். 10 கிலோ ஓம் மின்தடை வழியாக அதை டிஸ்சார்ஜ் செய்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். ஆன் செய்து அளக்கும்போது ஒரு கை பாக்கெட்டில் இருக்கட்டும்.

அடுத்தது டிரைவர். பெரும்பாலும் 74141 ஐ.சி., அல்லது அதன் சோவியத் வடிவமான கே155ஐடி1. ஓர் எண் மற்ற எண்களோடு எப்போதும் சேர்ந்தே எரிந்தால் அதன் அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட். ஓர் எண் வர வேண்டிய நேரத்தில் மட்டும் எதுவும் தெளிவாக இல்லாமல் மங்கலாகப் பல எண்கள் தெரிந்தால் அது ஓப்பன். ஐ.சி. சாக்கெட்டில் இருந்தால் கழற்றிவிட்டு, இன்சுலேட் செய்த வயரால் ஒவ்வொரு கேத்தோடையும் கிரவுண்டில் தொட்டுப் பாருங்கள். பத்தும் ஒழுங்காக எரிந்தால் ட்யூப் நிரபராதி.

எண்கள் 0, 1, 0, 1, 4, 5, 4, 5, 8, 9 என்று ஓடுகிறதா? ட்யூபைத் தொடவே வேண்டாம். பி.சி.டி.-யில் 2-க்கான லைன் கீழேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. 7490-லிருந்து டிரைவர் வரை அந்த ஒரு லைனைப் பின்தொடர்ந்தால் போதும்.

பாய்சனிங்குக்கு வைத்தியம் உண்டு. எங்கள் கவுன்ட்டரின் முதல் ட்யூப் லேபில் எப்போதும் 0 மட்டுமே காட்டியது. அதில் 7-ன் கால் இருண்டிருந்தது. அந்த ஆனோடு மின்தடைக்கு இணையாக அதே மதிப்பில் இன்னொன்றைப் போட்டு மின்னோட்டத்தை இரட்டித்து, 7-ஐ மட்டும் எரியவிட்டோம். இரண்டு மாலை நேரங்களில் கால் முழுதாகத் திரும்பியது. பேராசைப்பட்டு இன்னும் ஏற்றினால் உலோகம் தெறித்துக் கண்ணாடி கறுத்துவிடும். குணமானதும் கூடுதல் மின்தடையை மறக்காமல் எடுத்துவிடுங்கள். நிக்ஸி கடிகாரம் கட்டுபவர்கள் தினமும் சிறிது நேரம் எல்லா எண்களையும் சுழற்றிக் காட்ட புரோகிராம் எழுதுவதும் இதற்காகத்தான், அழகுக்காக மட்டுமல்ல.

எண்ணின் ஓரத்தில் நீல நிறம் தெரிந்தால் பயப்பட வேண்டாம். தெறிப்பதைக் குறைக்க ஆயுள் கூட்டிய ட்யூப்களில் சிறிதளவு பாதரசம் சேர்த்திருப்பார்கள், அதன் ஒளி அது. ஆனால் ஆரஞ்சு போய் ட்யூப் முழுவதும் இளஞ்சிவப்பு-ஊதாவாக மங்கினாலோ, முழு வோல்டேஜிலும் வெளிச்சத்திலும் ஒன்றுமே பற்றாவிட்டாலோ, உள்ளே காற்று புகுந்துவிட்டது என்று பொருள். அதற்கு மட்டும் வைத்தியம் கிடையாது. அப்படிப்பட்டதைக்கூட உடைத்துப் பார்க்காதீர்கள். உள்ளே பாதரசம் இருக்கலாம்.