நடுவே போட்ட அடுக்கு

அன்புள்ள சகோதரிக்கு,

ஓசூரிலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கார் முகப்பு கிரில்லுக்குக் கறுப்பு குரோம் முலாம் போடும் உங்கள் பட்டறை, நிக்கலுக்கும் குரோமுக்கும் நடுவே நீங்கள் சேர்த்த மெல்லிய அடுக்கு, அதற்குப் பிறகு சூடும் குளிரும் மாறிமாறிக் கொடுத்த சோதனையில் முலாம் உரியாமல் நின்றது, “எல்லாம் பழைய அடுக்குகள்தானே, இதற்கெல்லாம் பேட்டன்ட் கிடைக்காது” என்று ஓர் ஆலோசகர் கைவிரித்தது என எல்லாவற்றையும் எழுதியிருந்தீர்கள். அந்த நடு அடுக்கு எதனால் ஆனது என்பதையும் எழுதியிருந்தீர்கள். அதை மட்டும் இங்கே நான் சொல்லப்போவதில்லை. அச்சில் வந்துவிட்டால் அது ஊரறிந்த செய்தி. ஊரறிந்த ஒன்றுக்குக் காப்புரிமை கேட்க முடியாது. விண்ணப்பம் போடும்வரை வாடிக்கையாளரிடம்கூட அதைப் பற்றிப் பேசாதீர்கள். மாதிரித் துண்டு கேட்டால், ரகசியம் காப்பதாக எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

ஆலோசகரின் பேச்சை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஏபிஎஸ் பிளாஸ்டிக் மேல் செம்பு, செமி பிரைட் நிக்கல், பிரைட் நிக்கல், குரோம் என்ற வரிசை பல பத்தாண்டுகளாக ஏறிவருகிறது. உலகக் காப்புரிமை வகைப்பாட்டில் நிக்கல், குரோம் அடுக்குகள் இரண்டு மூன்றாக வரும் முலாம்களுக்கென்றே சி25டி 5/14 என்று தனி எண் இருக்கிறது. இணையத்தில் எஸ்பாஸ்நெட் என்ற காப்புரிமைத் தேடுதளத்தில் அந்த எண்ணைப் போட்டுத் தேடினால் ஒரு வாரம் படிக்குமளவுக்கு வந்து விழும். ஐரோப்பாவில் 2017 செப்டம்பர் 21க்குப் பிறகு அனுமதியில்லாமல் குரோமியம் டிரையாக்சைடைப் பயன்படுத்தக் கூடாது என்றானதும், அதற்கு மாற்றாக டிரைவேலன்ட் குரோம் பக்கம் போனவர்கள் எழுதிக் குவித்தவையும் அங்கே உண்டு. அத்தனையையும் படியுங்கள். உங்களுடைய அடுக்கு அதில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. அந்த இடத்தில் அப்படி ஓர் அடுக்கைப் போட எவருக்காவது காரணம் இருந்ததா என்றும் பாருங்கள். உங்கள் வாதத்தின் உயிர் அங்கேதான்.

நம் காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 3(எஃப்) சொல்வது இது: தெரிந்த சாதனங்களை வெறுமனே அடுக்கி வைப்பதும் மாற்றி அடுக்குவதும், ஒவ்வொன்றும் தன் வேலையைத் தனித்தனியே பழையபடி செய்துகொண்டிருக்குமானால், கண்டுபிடிப்பு ஆகாது. ‘தனித்தனியே’ என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் தினமும் போடும் இரட்டை நிக்கலையே எடுத்துக்கொள்வோம். மேலே இருக்கும் குரோம் பெரும்பாலும் அரை மைக்ரானைத் தாண்டாது. அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். உப்புநீர் அந்தத் துளை வழியே நிக்கலைத் தொட்டதும் அரிப்பு கீழ்நோக்கிக் குடையும். பிரைட் நிக்கலில் பளபளப்புக்காகச் சேர்க்கும் மருந்திலிருந்து கந்தகம் ஏறுகிறது. செமி பிரைட்டில் கந்தகம் இல்லை. கந்தகம் ஏறிய நிக்கல் எளிதில் அரிபடும். அதனால் குடைந்து வந்த அரிப்பு செமி பிரைட்டைத் தொட்டதும் கீழே இறங்காமல் பக்கவாட்டில் திரும்புகிறது. மேல் அடுக்கு தன்னைக் கொடுத்துக் கீழ் அடுக்கைக் காப்பாற்றுகிறது. இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டால் இந்த வேலை நடக்காது. எனக்கு இந்தத் தொழிலில் இன்றும் வியப்புத் தருவது இதுதான். கண்ணுக்கு ஒரே பளபளப்பு. உள்ளே இரண்டு உலோகப் படலங்கள் பேசி வைத்துக்கொண்டது போல வேலை செய்கின்றன. உங்கள் நடு அடுக்கும் இப்படி மேலே உள்ளதோடும் கீழே உள்ளதோடும் சேர்ந்து எதைச் செய்கிறது என்று காட்ட முடிந்தால், 3(எஃப்) உங்களைத் தொடாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மிர்சாப்பூரில் பித்தளைப் பாத்திரம் செய்யும் ஒரு நிறுவனம், கடைசல் இயந்திரத்தில் பாத்திரம் நழுவிப் பறக்காமல் பிடித்துக்கொள்ளும் அமைப்புக்குக் காப்புரிமை கேட்டு 1951இல் விண்ணப்பித்துப் பெற்றது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. பிடிப்பது நல்ல பிடிதான், ஆனால் தேர்ந்த தொழிலாளி பட்டறையில் தானாகவே செய்துகொள்ளக்கூடிய திருத்தம் இது என்று சொல்லி 1978இல் நீதிமன்றம் அந்தக் காப்புரிமையைச் செல்லாதது ஆக்கியது. பயன் இருந்தது, அது மட்டும் போதவில்லை. ‘பட்டறைத் திருத்தம்’ என்று உங்கள் அடுக்கையும் சொல்லிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

அதனால் நீங்கள் அனுப்பிய வரைவின் முதல் வரியை எடுத்துவிடுங்கள். “ஆழ்ந்த, உயர்தரக் கருமை தரும் பூச்சு” என்று தொடங்குகிறது. அழகு காப்புரிமை அதிகாரிக்கு ஒரு பொருட்டல்ல. அழகுத் தோற்றத்துக்கு வடிவமைப்புச் சட்டம், 2000 இருக்கிறது. கிரில்லின் வடிவத்தையும் கோடுகளையும் அதில் தனியே பதிந்துகொள்ளலாம். காப்புரிமைக்கு வேண்டியது அந்த அழகு எப்படி உண்டாகிறது, எப்படி நிலைக்கிறது என்பது. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் வழிகாட்டியில் இதற்கு ஒரு துணியை உதாரணம் காட்டுகிறார்கள்: கவர்ச்சியான தோற்றத்துக்குக் காப்புரிமை இல்லை, ஆனால் அந்தத் தோற்றத்தை இதுவரை இதற்குப் பயன்படாத ஓர் அடுக்கு அமைப்பால் கொண்டுவந்தால் அந்தத் துணிக்குக் கிடைக்கலாம்.

இதற்குக் கார் முகப்பிலேயே நல்ல சான்று இருக்கிறது. முன்னால் போகும் வண்டியின் தூரத்தை அளக்கும் ரேடார் பல கார்களில் நிறுவனச் சின்னத்துக்குப் பின்னே ஒளிந்திருக்கிறது. அதன் அலை 76-77 கிகாஹெர்ட்ஸ். சின்னம் உலோகம்போல மின்ன வேண்டும்; ஆனால் முழு உலோகப் படலம் அலையைத் திருப்பி அடித்துவிடும். வெற்றிடத்தில் இண்டியத்தை மெல்லியதாகப் படியவிட்டால் அது தொடர்ச்சியான தகடாகாமல் ஒன்றையொன்று தொடாத நுண்ணிய தீவுகளாக நிற்கிறது. கண்ணுக்கு வெள்ளிப் பளபளப்பு. தீவுகளின் இடைவெளி வழியே அலை போய்வருகிறது. அலங்காரப் பூச்சு என்று அதைத் தள்ளிவிட யாரால் முடியும்?

இனி உங்கள் வேலை. நடு அடுக்கு உள்ளது, இல்லாதது, மெலிந்தது, தடித்தது என்று ஒரே நாளில் ஒரே தொட்டிகளில் போட்ட துண்டுகள் வேண்டும். சோதனைக்குப் பிறகு கொப்புளம் வந்தவற்றைத் தூக்கிப் போடாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் கெட்டுப்போன துண்டுகளையெல்லாம் முலாமை உருவி மறுபடி ஓட்டிவிட்டார். பிறகு ‘அடுக்கு இல்லாவிட்டால் என்ன ஆகும்’ என்று அதிகாரி கேட்டபோது கையில் ஒன்றும் இல்லை. நல்ல துண்டின் அருமையைக் காட்டுவதே அந்தக் கொப்புளங்கள்தான்.

தொட்டி மருந்தின் கலவையை வெளியே விடாமல் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தீர்கள். அடுக்கு வரிசையை மறைக்க முடியாது. கடையில் கிரில்லை வாங்கி, குறுக்கே அறுத்து, பிசினில் பதித்து, மெருகேற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தால் எவருக்கும் தெரிந்துவிடும். ஆகவே அடுக்குக்குத்தான் காப்புரிமை கேட்க வேண்டும். மருந்தைப் பொறுத்தவரை கவனம் தேவை: உங்களுக்குத் தெரிந்த மிகச் சிறந்த செய்முறையை விண்ணப்பத்தில் எழுதியே ஆக வேண்டும் என்கிறது பிரிவு 10. அந்த மருந்தில்தான் அடுக்கு நன்றாக ஏறுகிறது என்றால் அதையும் எழுதத்தான் வேண்டும். முதலில் தற்காலிக விவரக்குறிப்பைத் தாக்கல் செய்து தேதியைப் பிடியுங்கள். முழு விவரம் கொடுக்கப் பன்னிரண்டு மாதம் கிடைக்கும்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் சொன்ன ஒரு செய்தி. லைனில் இருக்கும் மூத்த தொழிலாளி ஒருவர், ஒருநாள் இரவு மின்சாரம் போனபோது இடைத் தொட்டியிலேயே நின்றுவிட்ட ஜிக்கில் தொங்கிய துண்டுகள் மட்டும் உரியாததைப் பார்த்து, ஏன் என்று யோசித்து, மறுநாள் வேண்டுமென்றே அப்படிச் செய்து பார்த்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். இப்படி நிறுத்தினால் கெட்டுப்போகும் என்பதுதான் பட்டறையில் எல்லோரும் நம்பியது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இது யாருக்கும் எளிதில் தோன்றக்கூடியதல்ல என்பதற்கு உங்களிடம் உள்ள வலுவான சாட்சி அதுவே. ஆனால் வரைவில் கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் உங்கள் நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. நிறுவனம் கண்டுபிடிப்பாளர் ஆக முடியாது. அங்கே அவர் பெயர் வர வேண்டும். அடுத்து அந்த அடுக்கின் கனத்தைக் கண்டுபிடித்துத் திருத்திய உங்கள் பெயர். உரிமையை நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுப்பதாக அவரிடம் எழுத்தில் வாங்குங்கள், அதற்கான தொகையையும் கொடுங்கள். கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகத்துக்கு விண்ணப்பம் போகும் முன் அவரை உட்காரவைத்து அந்த இரவு என்ன நடந்தது என்று முழுதாகக் கேட்டு, தேதியோடு எழுதி, அவர் கையெழுத்தையும் வாங்கி வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் கடிதத்தைப் படித்தவன்