வாரம் ஒருநாள் போனுக்கு லீவு!

இந்த ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு நெம்மேலி வரை போய் வரலாமா? கிழக்குக் கடற்கரைச் சாலையில், கோவளம் தாண்டி, மாமல்லபுரத்துக்கு முன்னால் வருமே... கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இருக்கிற ஊர், அதேதான். விடியற்காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். ஒரே ஒரு நிபந்தனை. எல்லோருடைய ஸ்மார்ட் போனும் வீட்டிலேயே இருக்க வேண்டும்!

"ஐயையோ, அதெப்படிங்க முடியும்? வழி யார் சொல்லுவாங்க? டீக்கடையில் எப்படிக் காசு கொடுக்கிறது? போட்டோ எடுக்க வேண்டாமா?" என்று கேட்கிறீர்களா? அந்தப் பதற்றம் இருக்கிறதே, அதற்குத்தான் வைத்தியம் தேவைப்படுகிறது. வாரத்தில் ஒருநாள் போன், டி.வி., கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் விடுமுறை விடுவது நல்ல ஆரம்பம்.

முன்பு டி.வி.யே தூங்கப் போகும்!

சென்னையில் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்க்கத் தெருவே ஒரு வீட்டில் கூடும். பாட்டு முடிந்தால் அவ்வளவுதான், எழுந்து போக வேண்டியதுதான். இரவில் நிலையமே ஒளிபரப்பை நிறுத்திவிடும். நமக்குக் கட்டுப்பாடு இருந்ததோ இல்லையோ, டி.வி.க்கு இருந்தது!

இன்றைக்குக் கையில் இருக்கும் போனுக்கு முடிவே கிடையாது. ஒரு வீடியோ முடிவதற்குள் அடுத்தது வந்து நிற்கிறது. விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கிறது. 'போதும்' என்று சொல்லும் வேலையை இப்போது நாம்தான் செய்ய வேண்டும். பெரியவர்களுக்கே முடியாத அந்த வேலையை எட்டு வயதுப் பிள்ளையிடம் எதிர்பார்க்கலாமா?

கண்ணும் கழுத்தும் என்ன சொல்கின்றன?

சாதாரணமாக நாம் நிமிடத்துக்குச் சுமார் 15 தடவை கண் சிமிட்டுகிறோம். திரையை உற்றுப் பார்க்கும்போது இது பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்துவிடுகிறது. கண்ணீர்ப் படலம் காய்கிறது. எரிச்சல், உறுத்தல், சாயங்காலத் தலைவலி எல்லாம் இதனால் வரக்கூடியவை.

கழுத்துக்கு வருவோம். மனிதத் தலையின் எடை சுமார் 5 கிலோ. போனைப் பார்க்க 60 டிகிரி குனிந்தால் கழுத்தெலும்பின் மீது சுமார் 27 கிலோ பாரம் விழும் என்று அமெரிக்க முதுகெலும்பு அறுவை நிபுணர் ஒருவர் 2014-ல் கணக்குப் போட்டுச் சொன்னார். ஒரு முழு அரிசி மூட்டையைக் கழுத்தில் வைத்துக்கொண்டு 'ரீல்ஸ்' பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்!

குழந்தைகளுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. கிட்டப்பார்வை. வெளியில், பகல் வெளிச்சத்தில் விளையாடும் பிள்ளைகளுக்கு இது வருவது குறைகிறது என்பது ஆராய்ச்சிகளில் உறுதியான விஷயம். தைவான் நாட்டில் 2010-ல் பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் 120 நிமிடம் வெளியே அனுப்பும் திட்டம் கொண்டுவந்தார்கள். அங்கே பார்வை மங்கிய ஆரம்பப் பள்ளிக் குழந்தைகள் 2011-ல் 50 சதவீதம் இருந்தார்கள். வருடா வருடம் ஏறிக்கொண்டே வந்த கணக்கு அது. 2015-ல் 46 சதவீதமாக இறங்கியது. மருந்து மாத்திரை எதுவும் இல்லை, வெறும் வெயிலும் வெளிச்சமும்தான்.

ஆமைக் குஞ்சுக்கு நேரும் கதி

மறுபடி நெம்மேலிக் கடற்கரைப் பக்கம் வாருங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை இந்தக் கரையோரங்களில் 'ஆலிவ் ரிட்லி' என்ற பங்குனி ஆமைகள் ராத்திரியில் கரையேறி முட்டையிடும். சுமார் 50 நாளில் குஞ்சு பொரியும். பொரிந்த குஞ்சுக்கு ஒரே ஒரு வழிகாட்டி வெளிச்சம்தான். இருட்டில் எந்தப் பக்கம் பளிச்சென்று இருக்கிறதோ, அதுதான் கடல் என்று ஓடும். கரையோரத்தில் விடுதி விளக்கும் சாலை விளக்கும் எரிந்தால்? பாவம், கடலை விட்டுவிட்டு ரோட்டைப் பார்த்து நகர ஆரம்பித்துவிடும்.

நம் உடம்புக்கும் இதே கதைதான். இருட்டியதும் மூளை 'மெலடோனின்' என்ற ஹார்மோனைச் சுரந்து, 'தூங்கும் நேரம் வந்தாச்சு' என்று உடம்புக்குச் சொல்கிறது. ராத்திரி பதினோரு மணிக்கு முகத்துக்கு நேரே போன் வெளிச்சம் பட்டால் அந்தச் சுரப்பு தள்ளிப் போகிறது. வெளிச்சம் போதாதென்று, பார்க்கிற சமாச்சாரமும் மனசைக் கிளறிவிடுகிறது. தூக்கம் வராத வீட்டில் மறுநாள் காலை எல்லோருக்கும் சிடுசிடுப்பு!

ஒரு கிராமமே செய்து காட்டியது

"நடக்கிற காரியமா?" என்பவர்களுக்கு மகாராஷ்டிரத்திலிருந்து ஒரு செய்தி. சாங்லி மாவட்டத்தில் மோஹித்யாஞ்சே வட்காவ் என்று ஒரு கிராமம். கொரோனா காலத்து ஆன்லைன் வகுப்புக்குப் பிறகு பிள்ளைகள் போனை விடவே இல்லை. ஊர் கூடிப் பேசி, 2022 ஆகஸ்ட் 15 முதல் ஒரு ஏற்பாடு செய்தார்கள். சாயங்காலம் 7 மணிக்குக் கோயிலிலிருந்து சைரன் ஊதும். ஊர் முழுக்க டி.வி.யும் போனும் அணைய வேண்டும். 8.30-க்கு மறுபடி சைரன். அந்த ஒன்றரை மணி நேரம் படிப்பு, பேச்சு, குடும்பம். அங்கன்வாடி ஊழியர்களும் மற்றவர்களும் வீடு வீடாகப் போய் எடுத்துச் சொன்னார்கள்.

இதில் நமக்கு ஒரு சூட்சுமம் இருக்கிறது. அங்கே பிள்ளையின் போனை மட்டும் பிடுங்கவில்லை. அப்பாவின் போனும் அணைந்தது, அம்மாவின் சீரியலும் நின்றது. 'எல்லோருக்கும் ஒரே நேரம், ஒரே சட்டம்' என்பதால்தான் பிள்ளைகளுக்கு அது தண்டனையாகத் தெரியவில்லை. "நீ போனை வைடா" என்று சொல்லிவிட்டு அப்பா வாட்ஸ்அப் பார்த்தால் எந்தப் பிள்ளை கேட்கும், சொல்லுங்கள்?

ஆரம்பிப்பது எப்படி?

1. எடுத்த எடுப்பில் முழுநாள் வேண்டாம். முதல் இரண்டு வாரம் ஞாயிறு காலை 6 முதல் 12 வரை. பிறகு சாயங்காலம் 6 வரை. பழகியதும் சனி இரவு படுக்கும்போதே அணைத்துவிடலாம்.

2. கிழமையை மாற்றாதீர்கள். ஏகாதசி, அமாவாசை விரதம் நிலைப்பதே நாள் குறித்திருப்பதால்தான். 'முடிஞ்ச அன்னைக்குப் பார்த்துக்கலாம்' என்றால் முடியவே முடியாது.

3. போன்களை ஒரு டப்பாவில் போட்டு பீரோவில் வையுங்கள். மேஜை மேல் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தால் கை தானாகப் போகும்.

4. அவசரத்துக்கு ஒரு சாதாரண பட்டன் போன் இருக்கட்டும். அந்த நம்பரை நெருங்கிய சொந்தங்களுக்கு முன்னாடியே கொடுத்துவிடுங்கள். வயதான அப்பா அம்மா தனியே வேறு ஊரில் இருந்தால் இது கட்டாயம்.

5. மாத்திரை நேரத்துக்குப் போன் அலாரம் வைத்திருப்பவர்கள், பழைய அலாரம் கடிகாரத்தைத் தூசி தட்டி எடுங்கள்.

6. காலி நேரத்துக்கு வேலை தயாராக இருக்கட்டும். பல்லாங்குழி, கேரம் போர்டு, தாயக்கட்டம், பரணை சுத்தம் செய்வது, எல்லோரும் சேர்ந்து சமைப்பது... எதுவும் ஏற்பாடு செய்யாமல் போனை மட்டும் பிடுங்கினால் பத்து நிமிடத்தில், "அம்மா, போர் அடிக்குது!" அந்த வார்த்தைக்கும் பயப்படாதீர்கள். அரைமணி போர் அடித்தபிறகுதான் பிள்ளை தானாக ஏதாவது விளையாட்டைக் கண்டுபிடிக்கும்.

முதல் நாள் எரிச்சல் வரும். இல்லாத போன் பாக்கெட்டில் அதிர்வது போலவும் தோன்றும். பயம் வேண்டாம், மூன்று நான்கு வாரத்தில் பழகிவிடும்.

நெம்மேலிப் பக்கம் போனால்...

கையில் சில்லறையோடு ரொக்கப் பணம் எடுத்துக்கொள்ளுங்கள். வழியை ஒரு தாளில் பிள்ளையையே வரையச் சொல்லுங்கள். காலை ஆறு மணி வெயிலில் மணலில் நடப்பது கண்ணுக்கும் நல்லது, காலுக்கும் நல்லது. ஆனால் இந்தப் பகுதிக் கடலில் உள்ளிழுப்பு அதிகம், குளிக்க இறங்காதீர்கள். வெயில் ஏறும் முன் நிழலுக்குப் போய்விடுங்கள். தொப்பியும் தண்ணீரும் மறக்க வேண்டாம்.

அப்படியே தெற்கே சாளுவன்குப்பத்தில் புலிக்குகை இருக்கிறது. பக்கத்திலேயே, 2004 சுனாமிக்குப் பிறகு தொல்லியல் துறையினர் தோண்டி எடுத்த பழைய முருகன் கோயிலின் செங்கல் அடித்தளம். அலை வந்து போனபிறகு கிடைத்த கல்வெட்டு ஒன்றுதான் அந்தக் கோயிலுக்கு வழிகாட்டியது என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். மற்ற கேள்விகளை அவர்களே கேட்பார்கள். உடனே கூகுளில் தேடாமல், "நீ என்ன நினைக்கிறே?" என்று திருப்பிக் கேளுங்கள்!

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

ஒருநாள் விடுமுறை எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. ஆறு நாள் நள்ளிரவு வரை பார்த்துவிட்டு ஏழாம் நாள் விரதம் இருந்தால் பலன் குறைவுதான். மற்ற நாட்களிலும் படுக்கைக்கு ஒருமணி நேரம் முன்பே போனுக்கு ஓய்வு கொடுங்கள். இரண்டு வயதுக்குக் கீழே குழந்தைக்குத் திரையே வேண்டாம். இரண்டிலிருந்து ஐந்து வயது வரை நாளுக்கு ஒருமணி நேரத்துக்கு மேல் கூடாது என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் அறிவுரை.

வாரம் ஒருநாள் விடுமுறையில் இன்னொரு லாபமும் உண்டு. அது ஒரு பரிசோதனை! போன் இல்லாத அரைநாளில் உங்கள் பிள்ளை பொருளைத் தூக்கி எறிகிறதா? சாப்பாடு, தூக்கம், பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் விட கேம்தான் முக்கியம் என்றாகிவிட்டதா? கெடுதல் என்று தெரிந்தும் நிறுத்த முடியவில்லையா? இவை மாதக்கணக்கில் நீடித்தால் 'அடம்' என்று அடிக்காதீர்கள். விளையாட்டு அடிமைத்தனத்தை உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறது. 2022 ஜனவரி 1 முதல் அந்தப் பட்டியல் நடைமுறையில் இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இதற்கென்றே 2014-ல் தனிப் பிரிவு தொடங்கினார்கள். மத்திய அரசின் 'டெலி மானஸ்' இலவசத் தொலைபேசி எண் 14416. எந்த நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம். கூச்சப்படாதீர்கள்.

சரி, வீட்டுக் காலண்டரை எடுங்கள். அடுத்த நான்கு ஞாயிற்றுக்கிழமைகளைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். பக்கத்தில் எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். முதல் கையெழுத்து அப்பாவுடையதாக இருக்கட்டும்!