படைத்தவன் கடன்

விஞ்ஞானக் கற்பனை நூல்களை வெறும் பொழுதுபோக்கென்று ஒதுக்குவாருளர். அவை எழுப்பும் வினாக்களோ எளியனவல்ல. ஒன்றனை ஈண்டு ஆராய்வாம்.

மேரி ஷெல்லி என்னும் ஆங்கில மாது தமது 18ஆம் வயதில், 1816இல், ஜெனீவா ஏரிக்கரையில் எழுதத் தொடங்கி 1818இல் வெளியிட்ட நாவல் 'பிராங்கன்ஸ்டைன்'. அதன்கண் விக்டர் பிராங்கன்ஸ்டைன் என்னும் மாணவன் தான் சமைத்த ஓருருவிற்கு உயிரளிக்கின்றான். அது கண் விழித்தவுடனே அதன் கோரத்திற்கஞ்சி ஓடிவிடுகின்றான்.

அறிவின் எல்லையைக் கடந்ததே அவன் குற்றமென்பர் பலர். நாம் அவ்வாறு கருதுகிலேம். அவ்வுரு பிறப்பிற் கொடியதன்று. ஓர் ஏழைக் குடும்பத்தாரை மறைந்து நோக்கி மொழி கற்றது. அவர்க்கு விறகு கொணர்ந்து வைத்தது. அன்பு நாடி அணுகியபொழுது அடித்துத் துரத்தப்பட்டது. கொலைத்தொழில் பூண்டது அதன் பின்னரே. அக்கொலைகளை நாம் நியாயமென்னோம். ஆயினும் அப்பழியிற் பெரும்பங்கு கைவிட்டவனைச் சாரும்.

படைத்தவன் அதற்கு ஒரு பெயரேனும் இட்டானில்லை. உலகம் அவன் பெயரையே அதற்கு வழங்கி வருகின்றது. அவ்வழக்குப் பிழையேயெனினும் பொருளற்றதன்று.

ஆதலின், ஆய்வுக்கூடம் புகும் மாணவராகிய நாம், 'இதனைச் செய்தல் கூடுமோ?' என்பதனோடு நில்லாது, 'செய்தபின் இதனைப் பேணுவார் யார்?' என்றும் நம்மையே வினவுதல் வேண்டும்.