புது டர்போவும் ஏன் போனது?

கேள்வி: என் டீசல் காரில் டர்போ போய்விட்டதென்று புதிதாக மாற்றினார்கள். சில மாதங்களிலேயே மறுபடி விசில் சத்தம், நீலப் புகை. பொருள் போலியா?

பதில்: பொருளைச் சந்தேகப்படும் முன் ஆயில் வரும் வழியைப் பாருங்கள். சின்ன டீசல் காரின் டர்போ ஷாஃப்ட் நிமிடத்துக்கு 1,50,000 சுற்றுக்கு மேலும் சுழலும். அந்த வேகத்தில் அதைத் தாங்குவது, ஷாஃப்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே மயிரிழையைவிட மெல்லியதாக நிற்கும் ஆயில் படலம்தான். அது அறுந்தால் புஷ் தேயும், ஷாஃப்ட் ஆடும், இறக்கைகள் கூட்டில் உரசும். விசில் சத்தம் பெரும்பாலும் இதனால்தான்.

டர்போவுக்கு ஆயில் கொண்டுவரும் ஃபீட் பைப் மெல்லியது. எக்ஸாஸ்ட் சூட்டுக்குப் பக்கத்திலேயே இருப்பது. உள்ளே ஆயில் கருகிப் படியும். பியூஜோ, சிட்ரோயன், ஃபோர்டு கார்களில் வந்த 1.6 லிட்டர் டீசல் எஞ்சின் ஐரோப்பாவில் இதற்கே பேர்போனது. இன்ஜெக்டருக்கு அடியிலுள்ள செப்பு வாஷர் கசிந்து, கரி ஆயிலில் கலந்து, ஃபீட் பைப் முனையிலிருந்த சிறு வலையை அடைத்தது. அதைக் கவனிக்காமல் டர்போவை மட்டும் மாற்றியவர்கள் இரண்டாவது டர்போவுக்கும் செலவழித்தார்கள். உங்கள் வண்டியிலும் பழைய பைப்பையே மாட்டினார்களா என்று முதலில் கேளுங்கள்.

ஃபீட் பைப், அதன் போல்ட், வாஷர் எல்லாம் புதிதாக வேண்டும். சம்ப்பைக் கழற்றி ஸ்ட்ரெய்னரைச் சுத்தம் செய்து, புது ஆயிலும் ஃபில்டரும் போடச் சொல்லுங்கள். ஆயில் துவாரத்தின் அருகே சிலிக்கான் பேஸ்ட் தடவவே கூடாது. பிதுங்கி உள்ளே போய் அடைத்துவிடும். மாட்டும்போது டர்போவின் துவாரத்தில் சுத்தமான ஆயில் ஊற்றி, எஞ்சின் பற்றாதபடி சற்று கிராங்க் செய்து, ஆயில் அழுத்தம் வந்த பிறகே ஸ்டார்ட் செய்யவேண்டும். அவசரத்தில் பலர் தாண்டிவிடும் படி இது. ஆனால் புது புஷ்ஷின் ஆயுளே இதில்தான் இருக்கிறது.

நீலப் புகைக்கு இன்னொரு காரணமும் உண்டு. டர்போவிலிருந்து ஆயில் தன் எடையால்தான் சம்ப்புக்கு இறங்குகிறது. திரும்பும் பைப் மடங்கியிருந்தாலோ, எஞ்சின் பிரீதர் அடைத்திருந்தாலோ, தேங்கிய ஆயில் சீலைத் தாண்டிவிடும். நல்ல டர்போகூடப் புகைக்கும். ஆகவே புகையை மட்டும் பார்த்து டர்போவைக் கழற்ற விடாதீர்கள்.

கேள்வி: வண்டியை நிறுத்தியதும் எஞ்சினை அணைக்கலாமா?

பதில்: ஊருக்குள் மெதுவாக வந்திருந்தால் அணைக்கலாம். மலை ஏறியோ, நெடுஞ்சாலையில் விரட்டியோ வந்து நின்றால் ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள். அணைத்ததும் ஆயில் ஓட்டம் நின்றுவிடும்; டர்போவின் சூடு நிற்காது. பெட்ரோல் டர்போக்களில் இந்தச் சூடு இன்னும் அதிகம் என்பதால், பலவற்றில் பேரிங்கைச் சுற்றிக் கூலன்ட் ஓடவும் வழி வைத்திருக்கிறார்கள்.