வானூர்தியைத் தாங்குவது எது?

வானூர்தி எவ்வாறு வானில் நிற்கிறது என்று மாணவரை வினவினால், பெரும்பாலும் ஒரே விடை கிடைக்கும். "இறக்கையின் மேற்புறம் வளைந்தது, கீழ்ப்புறம் தட்டையானது. முன்விளிம்பில் இரண்டாகப் பிரியும் காற்று, பின்விளிம்பில் ஒரே நேரத்தில் கூடவேண்டும். மேற்காற்று நெடுவழி செல்வதால் விரைகிறது, விரைவதால் அழுத்தம் குறைகிறது, இறக்கை எழுகிறது" என்பர். இவ்விளக்கத்தில் மெய்யும் பிழையும் கலந்துள்ளன. அவற்றைப் பிரித்தறிய முயல்வோம்.

மேற்காற்று விரைவதும், அங்கு அழுத்தம் குறைவதும் உண்மையே. வேகத்துக்கும் அழுத்தத்துக்கும் உள்ள தொடர்பை டேனியல் பெர்னௌலி 1738இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்தார். ஆனால், பிரிந்த காற்று ஒரே நேரத்தில் கூடவேண்டும் என எந்த இயற்பியல் விதியும் கூறவில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அறிஞர் ஹோல்கர் பாபின்ஸ்கி, இறக்கையின் மீது புகையை விட்டுவிட்டுச் செலுத்திக் காட்டிய காணொளி 2012இல் வெளிவந்தது. அதில் மேற்சென்ற புகை, கீழ்ச்சென்ற புகையை முந்திப் பின்விளிம்பை அடைவதைக் காண்கிறோம். மேலும், வடிவம் ஒன்றே காரணமாயின், சாகச விமானங்கள் தலைகீழாகப் பறப்பது எங்ஙனம்?

இறக்கை, எதிர்வரும் காற்றுக்குச் சற்றே நிமிர்ந்து நிற்கிறது. இச்சாய்வைத் தாக்கு கோணம் என்போம். மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்று வளைந்து கீழ்நோக்கித் திரும்புகிறது. காற்று வளைந்து செல்ல வேண்டுமாயின், வளைவின் உட்புறத்தில் அழுத்தம் குறைந்திருத்தல் வேண்டும். எனவே மேற்பரப்பில் அழுத்தம் குறைகிறது, கீழ்ப்பரப்பில் மிகுகிறது. இறக்கை காற்றைக் கீழே தள்ள, காற்று இறக்கையை மேலே தள்ளுகிறது. இது நியூட்டனின் மூன்றாம் விதி. ஆக, பெர்னௌலியும் நியூட்டனும் ஒரே நிகழ்வின் இரு பக்கங்களையே உரைக்கின்றனர்.

கோணம் கூடினால் தூக்குவிசையும் கூடும். ஆயினும் அதற்கோர் எல்லை உண்டு. பொதுவாக ஏறத்தாழ 15 பாகையைக் கடந்தால், காற்று மேற்பரப்பை விட்டு விலகிவிடும், தூக்குவிசை குலையும். அந்நிலையில் மூக்கைத் தாழ்த்துவதே மீளும் வழி.

இஃது ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று. 2009 ஜூன் 1 அன்று, ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிசுக்குச் சென்ற ஏர் பிரான்ஸ் 447 விமானத்தில், வேகத்தை அளக்கும் குழாய்கள் பனிக்கட்டியால் அடைபட்டன. தானியங்கி விலகியபின், விமானத்தின் மூக்கு மேல்நோக்கியே இழுக்கப்பட்டது. இயந்திரங்கள் செவ்வனே இயங்கின; ஆனால் தாக்கு கோணம் 35 பாகைக்கு மேற்பட்டது. அட்லாண்டிக் பெருங்கடலில் வீழ்ந்த அவ்விமானத்தில் இருந்த 228 பேரும் மாண்டனர். ஊர்தியைத் தாங்குவது இயந்திரத்தின் வலிமை மட்டுமன்று, இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணமுமே என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று வேண்டுவதில்லை.

மாணவர்கள் ஓர் அஞ்சலட்டையை மின்விசிறியின் முன் சற்றே சாய்த்துப் பிடித்துப் பார்க்கட்டும். வளைவே இல்லாத அட்டையும் மேலெழ முயல்வதைக் கை உணரும். பலர் சொன்னதாலேயே ஒரு விளக்கம் மெய்யாகிவிடாது. சோதனையில் நிலைத்ததையே நாம் கல்வியெனக் கொள்வோம்.