உளியும் சிசலும்

அந்தமான் தீவில் ஷாதிபூர் என்ற ஊர் இருக்கிறது. போர்ட் பிளேர் நகரின் ஒரு பகுதி அது. 2024-ல் அந்த நகரத்துக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள்.

ஷாதிபூரில் ஒரு தச்சர் வாழ்ந்தார். கதவு, நிலை, சன்னல் செய்வார். படாக் மரத்தில் வேலை செய்வதில் கெட்டிக்காரர். படாக் அந்தமானில் வளரும் சிவப்பு மரம். மிகவும் உறுதியானது. முனை மழுங்கிய உளி அதில் இறங்காது.

ஒருநாள் தச்சர் கடைக்குப் போனார். புதிய உளிகள் 2 வாங்கினார். கேட்ட பணத்தைக் கொடுத்தார். ரசீதை வாங்கிப் பையில் வைத்தார்.

அவர் இரவு வகுப்பில் தமிழ் படித்தவர். எண்களும் கற்றவர். ஆங்கிலம் தெரியாது. வீட்டுக்கு வந்து மகளிடம் ரசீதைக் காட்டினார்.

“இது என்ன எழுத்தம்மா?”

“சி, எச், ஐ, எஸ், ஈ, எல். சிசல், அப்பா.”

“சிசலா? அது நம் உளிதான். பக்கத்தில் என்ன எண்? 3 போல இருக்கிறதே!”

“ஆமாம் அப்பா, 3 தான்.”

“நான் வாங்கியது 2 தானே!”

மறுநாள் தச்சர் கடைக்குப் போனார். ரசீதையும் உளிகளையும் காட்டினார். கடைக்காரர் பார்த்தார். “தவறாக எழுதிவிட்டேன் அண்ணே” என்றார். ஓர் உளியின் விலையைத் திருப்பிக் கொடுத்தார்.

சொல் வந்த வழி

சிசல் என்ற சொல் எங்கிருந்து வந்தது? மகள் பள்ளியில் ஆசிரியரிடம் கேட்டாள். அவர் விளக்கினார்.

ரோமாபுரி மக்கள் பேசிய மொழி லத்தீன். அதில் ‘வெட்டு’ என்று பொருள் தரும் ஒரு சொல் இருந்தது. அதிலிருந்து உளியின் பெயர் பிறந்தது. அந்தப் பெயர் பிரெஞ்சு மொழிக்குப் போனது. 1066-ல் பிரெஞ்சு பேசிய நார்மன் மக்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அதன் பிறகு பல பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்தில் கலந்தன. அவற்றில் சிசலும் ஒன்று.

துணி வெட்டும் கத்தரிக்கு ஆங்கிலத்தில் சிசர்ஸ் என்று பெயர். அதுவும் இதே குடும்பம். சிமென்ட் என்ற சொல்லும் இதே குடும்பம்தான்! வெட்டிய கல்துண்டைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து அது வந்தது.

நம் உளிக்கும் உறவு உண்டு. மலையாளத்திலும் கன்னடத்திலும் அதன் பெயர் உளிதான். தெலுங்கில் உலி. மரத்தை இழைக்கும் கருவி இழைப்புளி. இழைப்பு, உளி என்ற இரண்டும் சேர்ந்த சொல் அது. யார் சொன்னாலும் அசையாத பிடிவாதக்காரரைக் கல்லுளிமங்கன் என்கிறோம். அங்கேயும் உளி இருக்கிறது.

சிசலுக்கு இன்னொரு பொருளும் உண்டு. ‘ஏமாற்றிப் பணம் பறிப்பது’ என்பதே அது. உளி மரத்தைச் சிறிது சிறிதாகச் செதுக்கும். ஏமாற்றுபவர் பிறர் பணத்தைச் செதுக்குவார்!

இதைக் கேட்டதும் மகள் சிரித்தாள். “அப்பா, கடைக்காரர் உங்களைச் சிசல் செய்யப் பார்த்தாரா?”

“அப்படிச் சொல்லாதே அம்மா. அவர் கை தவறிவிட்டது. கேட்டதும் பணத்தைக் கொடுத்துவிட்டாரே! ஆனால் எனக்கு எண் தெரியாவிட்டால்? அந்தப் பணம் போனது போனதுதான்.”

தச்சர் புதிய உளியைச் சாணைக்கல்லில் தீட்டினார். பிறகு ஒரு நோட்டை எடுத்தார். வாங்கிய பொருள், எண்ணிக்கை, விலை மூன்றையும் எழுதினார். அன்று முதல் கடையிலேயே ரசீதைப் படித்துப் பார்க்கிறார்.

சொல்லுங்கள்

1. தச்சர் எத்தனை உளி வாங்கினார்? ரசீதில் எத்தனை இருந்தது?
2. சிசல் என்ற சொல்லின் இரண்டு பொருள்கள் என்ன?
3. இழைப்புளி என்ற சொல்லைப் பிரித்து எழுதுங்கள்.

செய்யுங்கள்

உங்கள் வீட்டில் உள்ள ஒரு ரசீதை எடுங்கள். பொருள், எண்ணிக்கை, விலை மூன்றையும் படியுங்கள். கூட்டல் சரியா என்று பாருங்கள்.